127 செகண்டு: ஃபெயில்ஓவர் டைம்அவுட்டுக்கு நல்ல டீஃபால்ட் தேடின கதை

சிங்கப்பூர்ல துவாஸ்ல ஒரு வேர்ஹவுஸ். தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம், சென்னைல இருந்து வந்த சரக்கு கூரை வரைக்கும் அடுக்கி நிக்குது. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எனக்கு அங்க என்ன வேலைன்னா, எங்க மெசேஜ் ப்ரோக்கர் (ஸ்கேனர் அனுப்புற மெசேஜ வாங்கி உரிய இடத்துக்கு சேக்குற சாஃப்ட்வேர்) ரெண்டுல முதல் சர்வர் இருக்கிற ரேக்குக்கு அன்னைக்கு கரண்ட் வேலை, பத்து மணிக்கு மேல ஆஃப் பண்ணிடுவோம்னு டேட்டா சென்டர்ல சொல்லியிருந்தாங்க. ரெண்டாவது சர்வர் வேற இடத்துல ரெடியா இருக்கு, ஸ்கேனர்ல ஓடுற கிளையன்ட் தானா அதுக்கு மாறிக்கணும், அதுக்குப் பேர்தான் ஃபெயில்ஓவர், எங்க டாக்குமெண்ட்ல நாலு செகண்டுல மாறிடும்னு எழுதி வச்சிருந்தோம். அத நேர்ல பாக்கணும்னு போயிருந்தேன்.

22:04:11க்கு கரண்ட் போச்சு. என் பக்கத்துல நின்ன அக்கா அப்பதான் ஒரு பேலட்ட ஸ்கேன் பண்ணாங்க. வலது கை கிளவுஸ்ல கட்டைவிரல் நுனிய மட்டும் வெட்டி விட்டிருந்தாங்க, ஸ்கேனர் பட்டன அமுக்க வசதியா. ஸ்கிரீன்ல நீல வட்டம் சுத்த ஆரம்பிச்சுது. நாலு செகண்டு போச்சு, பத்து போச்சு, முப்பது போச்சு. "தம்பி, இது சுத்திக்கிட்டே இருக்கே, திரும்ப அடிக்கவா?" "கொஞ்சம் பொறுங்கக்கா, வந்துரும்." அவங்க பொறுத்துக்கிட்டாங்க, ஆனா அந்தப் பக்கம் ரேக்ல நின்னவங்க பொறுக்கல, திரும்பத் திரும்ப அடிச்சாங்க, அவங்க மேல தப்பே இல்ல, லோடிங் பேல லாரி எஞ்சின் ஓட நிக்குது, டிரைவர் இறங்கி வந்து பாக்குறாரு. 22:07:19க்கு எல்லா ஸ்கேனரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல உயிரோட வந்துச்சு. 188 செகண்டு. அதுக்கப்புறம் ஒரு பேலட் ரெண்டு தடவ மூணு தடவ ஏறினத எல்லாம் உக்காந்து ஒவ்வொண்ணா நீக்கி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆச்சு.

வீட்டுக்குப் போற வழி பூரா அந்த 188தான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏதோ தற்செயலா வந்த நேரம் மாதிரி தெரியல. நாங்க ஹார்ட்பீட்ட 60 செகண்டுன்னு வச்சிருந்தோம், அதாவது 60 செகண்டு அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணுமே வரலன்னா கனெக்‌ஷன் செத்துடுச்சுன்னு எடுத்துக்கும். 188ல 60 போனா 128. அந்த 128 எங்க இருந்து வந்துச்சு?

மறுநாள் காலைல ஆங் மோ கியோ வீட்டுல சாப்பாட்டு மேஜை மேல ரெண்டு பழைய மினி பிசிய எடுத்து வச்சேன், ரெண்டுலயும் லினக்ஸ். ஒண்ணு கிளையன்ட், இன்னொண்ணு செத்துப்போன ப்ரோக்கர். சர்வர் பக்கம் ஐபிடேபிள்ஸ்ல, அதான் லினக்ஸோட ஃபயர்வால்ல, ஒரே ஒரு ரூல், எங்க போர்ட்டுக்கு வர்ற எல்லாத்தையும் டிராப் பண்ணு, பதில் எதுவும் சொல்லாத. கிளையன்ட் பக்கம் போற வர்ற பாக்கெட்ட காட்டுற டிசிபிடம்ப் ஓட விட்டுட்டு கனெக்ட் பண்ணச் சொன்னேன். சின் பாக்கெட், அதான் "பேசலாமா"ன்னு கேக்குற முதல் பாக்கெட், அது போன நேரம் மட்டும் வரி வரியா வந்துச்சு: 10:42:05. அடுத்தது 10:42:06. அப்புறம் 10:42:08, 10:42:12, 10:42:20, 10:42:36, 10:43:08. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, வெறும் அமைதி. 10:44:12க்கு கெர்னல், அதான் லினக்ஸோட மையப் பகுதி, பொறுத்தது போதும்னு கைய விரிச்சுது, டைம்அவுட். முதல் சின் போனதுல இருந்து எண்ணினா 127 செகண்டு.

இது லினக்ஸோட கணக்கு. டிசிபி சின் ரீட்ரைஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட், அதாவது நாம எதுவும் மாத்தலன்னா, 6. முதல் சின் போயி ஒரு செகண்டுல பதில் வரலன்னா திரும்ப அனுப்பும், அடுத்து ரெண்டு செகண்டு பொறுக்கும், அப்புறம் நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, கடைசியா அறுபத்துநாலு. கூட்டினா 127. எங்க லைப்ரரி நாங்களே ஜாவால எழுதினது, கனெக்ட் பண்ற இடத்துல டைம்அவுட்ட 0ன்னு விட்டிருந்தோம், ஜாவால அந்த 0க்கு "எவ்வளவு நேரம்னாலும் பொறு"ன்னு அர்த்தம், அப்ப எப்ப விடணும்ங்கிறத நாங்க முடிவு பண்ணல, கெர்னல்தான் முடிவு பண்ணிச்சு. 60 கூட்டல் 127, ரெண்டாவது சர்வர்ல உள்ள நுழைய ஒரு செகண்டு. 188.

அப்ப டாக்குமெண்ட்ல இருக்கிற நாலு செகண்டு எப்படி வந்துச்சு? நாங்க டெஸ்ட் பண்ணாம எழுதல. ஆஃபீஸ் லேப்ல ரெண்டு விதமா டெஸ்ட் பண்ணியிருந்தோம். ஒண்ணு, ப்ரோக்கர் ப்ராசஸ கில் பண்றது. அப்படி பண்ணா மெஷின் உயிரோடதான் இருக்கு, அதோட கெர்னல் உடனே "இங்க யாரும் இல்ல"ன்னு ரீசெட் அனுப்பிடும், கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு சில மில்லிசெகண்டுல வந்துரும், கிளையன்ட் சட்டுன்னு அடுத்த அட்ரஸுக்குப் போயிடும். இன்னொண்ணு, சர்வர ஆஃப் பண்ணிட்டு கிளையன்ட்ட புதுசா ஸ்டார்ட் பண்றது. அதுல 3 செகண்டு ஆச்சு. ஏன்னா லேப்ல ரெண்டு மெஷினும் ஒரே ஸ்விட்ச்ல ஒரே சப்நெட்ல இருந்துச்சு, கிளையன்ட் முதல்ல ஏஆர்பி போட்டு "இந்த ஐபி யாரோடது"ன்னு செகண்டுக்கு ஒண்ணா மூணு தடவ கேக்கும், யாரும் பதில் சொல்லலன்னா "அங்க போக வழியே இல்ல"ன்னு கெர்னலே திருப்பி சொல்லிடும். நாலு செகண்டுன்னு எழுதினது அந்த மூணுல இருந்து வந்தது. துவாஸ்ல இருந்து டேட்டா சென்டருக்கு நடுவுல விபிஎன், ரெண்டு ஃபயர்வால், "போக முடியல"ன்னு திருப்பி சொல்ற ஐசிஎம்பி மெசேஜ் எல்லாம் பாதியிலயே நின்னுடும். "இல்ல"ன்னு சொல்ல அந்தப் பாதைல யாருமே கிடையாது.

இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா ஃபெயில்ஓவர் டெஸ்ட்னு நிறைய இடத்துல நடக்கிறது ப்ராசஸ கில் பண்றது மட்டும்தான். செத்தவன் செத்தேன்னு சொல்லிட்டு சாகுற கேஸ் அது. டைம்அவுட் தேவைப்படுறதே சொல்லாம சாகுற கேஸுக்குத்தான். டிராப் ரூல் போட்டு பாக்காத ஃபெயில்ஓவர் டெஸ்ட்ட நான் இனிமே டெஸ்ட்டா எடுத்துக்கிறதில்ல.

சரி, எண்ணு போடணும். மத்த மெசேஜிங் சாஃப்ட்வேர்ல என்ன வச்சிருக்காங்கன்னு முதல்ல பாத்தேன். ஆக்டிவ்எம்கியூல டிசிபி கனெக்‌ஷன் டைம்அவுட் டீஃபால்ட் 30 செகண்டு. ராபிட்எம்கியூவோட ஜாவா கிளையன்ட்ல 60. கியூபிட் ஜேஎம்எஸ்ல கனெக்‌ஷன் முழுசா அமையுறதுக்கே 15. மூணும் நல்லா அடிபட்டு தேறின சாஃப்ட்வேர், மூணுலயும் மூணு எண்ணு. அவங்க உலகம் பூரா எந்த மாதிரி நெட்வொர்க்குக்கும் சேத்து எண்ணு வைக்கணும், அதனால தாராளமா வச்சிருக்காங்க, அது புரியுது. எனக்கு 15 கூட ஜாஸ்தி. 15 செகண்டு ஸ்கிரீன் சுத்தினா கட்டைவிரல் சும்மா இருக்காது.

அதனால திங்கக்கிழமை 1 செகண்டுன்னு போட்டேன். எங்க லிங்க்ல துவாஸுக்கும் டேட்டா சென்டருக்கும் போய்வர 3 மில்லிசெகண்டுதான், ஒரு செகண்டுன்னா முன்னூறு மடங்குக்கு மேல, தாராளம்னு நெனச்சேன். சென்னை ஆஃபீஸ்ல இருந்து கனெக்ட் பண்றவங்களுக்கும் கணக்கு போட்டுப் பாத்தேன், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல 2002ல போட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3200 கிலோமீட்டர், ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், அப்ப ஒரு வழிக்கு 16 மில்லிசெகண்டு, போய்வர 32, மத்த சுத்து எல்லாம் சேத்து நாங்க பாக்குறது 40 சொச்சம். ஒரு செகண்டுக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

புதன்கிழமை மத்தியானம் தேக்கா சென்டர்ல சாப்பிட உக்காந்தப்ப ஃபோன் வந்துச்சு. ரெண்டு ப்ரோக்கரும் நல்லாத்தான் ஓடுது, ஆனா ஸ்கேனர்ல பாதி "கனெக்‌ஷன் இல்ல"ன்னு காட்டுதாம். தோசைய அப்படியே வச்சுட்டு லேப்டாப்ப திறந்தேன்.

நான் தப்பு பண்ண இடம் இதுதான்: தூரத்தக் கணக்கு பண்ணேன், தொலையுறதக் கணக்கு பண்ணல. வைஃபைல ஒரு ஏபில (சிக்னல் குடுக்கிற பெட்டி) இருந்து இன்னொரு ஏபிக்கு ஸ்கேனர் தாவுறப்ப, அதுவும் சுத்தி இரும்பு ரேக் இருக்கிற இடத்துல, ஒண்ணு ரெண்டு பாக்கெட் தொலையுறது சகஜம். தொலைஞ்சது அந்த முதல் சின் பாக்கெட்டா இருந்தா? கெர்னல் அத திரும்ப அனுப்புறது சரியா ஒரு செகண்டு கழிச்சு. 2011ல வந்த ஆர்எஃப்சி 6298ங்கிற இன்டர்நெட் விதிமுறை ஆவணத்துல அந்த ஆரம்ப நேரத்த 3 செகண்டுல இருந்து 1 செகண்டா கொறச்சாங்க, லினக்ஸும் அதத்தான் பின்பத்துது. என் டைம்அவுட்டும் ஒரு செகண்டு. அப்ப ரெண்டாவது சின் கிளம்புற அதே நேரத்துல நான் கதவ சாத்திடுறேன். ஒரு பாக்கெட் தொலைஞ்சா போதும், நல்லா இருக்கிற சர்வர செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டு அடுத்ததுக்கு ஓடுது, அங்கயும் ஒண்ணு தொலைஞ்சா திரும்ப முதல்லேருந்து.

அதோட நிக்கல. 140 ஸ்கேனர் இருக்கு, எல்லாம் ஒரே கோட், ஒரே பேக்ஆஃப் (திரும்ப முயற்சி பண்றதுக்கு முன்னாடி பொறுக்கிற நேரம்), அதனால ஒரே தாளத்துல வந்து கதவத் தட்டுது. ப்ரோக்கர் பக்கம் புதுசா வர்ற கனெக்‌ஷன் வரிசைல நிக்க ஒரு அளவுதான் இடம், ஜாவால சர்வர் சாக்கெட் திறக்கிறப்ப நம்ம எதுவும் சொல்லலன்னா 50. அந்த வரிசை நெறஞ்சுட்டா லினக்ஸ் "இடமில்ல"ன்னு திருப்பி சொல்லாது, வர்ற சின் பாக்கெட்ட சத்தமில்லாம கீழ போட்டுடும். கிளையன்ட் கண்ணுக்கு அதுவும் செத்த சர்வரும் ஒண்ணுதான். அதனால டைம்அவுட், அதனால திரும்ப முயற்சி, அதனால வரிசை இன்னும் நெறையுது. நோயாளிய பாக்க வந்த கூட்டமே நோயாளிக்கு மூச்சு முட்ட வச்ச மாதிரி. அன்னைக்கு சாயந்தரமே பழைய வெர்ஷனுக்கு திரும்பிட்டோம்.

எங்க டீம்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, டெலிகாம்ல இருபது வருஷம் இருந்துட்டு வந்தவரு. வியாழக்கிழமை காப்பிக்கடைல கோப்பி ஓ வாங்கிக்கிட்டு உக்காந்து நடந்தது பூரா சொன்னேன். அவர் டிசிபிடம்ப் பேப்பர வாங்கிப் பாத்துட்டு கோடு ஒண்ணு போட்டு, ஒவ்வொரு சின்னும் கிளம்புற செகண்டுல 0, 1, 3, 7ன்னு ஆணி அடிச்ச மாதிரி பென்சில்ல குறிச்சாரு. "இந்த ஆணிகளுக்கு நடுவுல எங்க வச்சாலும் உனக்கு புதுசா ஒண்ணும் கெடைக்காதுடா"ன்னாரு. யோசிச்சுப் பாத்தா அதுதான் விஷயமே. 1.2ல வச்சாலும் 2.9ல வச்சாலும் போறது ரெண்டே சின்தான், நடுவுல 1.7 செகண்டு சும்மா காத்துக்கிட்டு நிக்கிறோம். சரியா 3ல வச்சா அதவிட மோசம், மூணாவது சின் பாக்கெட்ட அனுப்பிட்டு பதிலுக்கு நிக்காமயே திரும்பிப் போறோம். டைம்அவுட்ட வைக்க வேண்டிய இடம் ஒரு ஆணிக்கு கொஞ்சம் பின்னாடி, அந்த பாக்கெட் போயி பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு தள்ளி. மூணு வாய்ப்பு குடுக்கணும்னா 3 செகண்டு கூட்டல் போய்வர நேரம். நான் 4ன்னேன்.

"4 துவாஸுக்கு சரி. நீ எழுதுறது துவாஸுக்கு மட்டுமா?"ன்னாரு அண்ணன். எங்க லைப்ரரிய இன்னொரு டீமும் எடுத்துக்கிட்டு இருக்கு, கிழக்கு நங்கூரப் பகுதில நிக்கிற கப்பல்களுக்கு சாமான் சப்ளை பண்ற படகுல டேப்லெட்ல ஓடுது, கரையோரம்னா 4ஜி, கப்பல்ல இருந்தே கனெக்ட் பண்றப்ப சில சமயம் சேட்டிலைட். 35,786 கிலோமீட்டர் மேல இருக்கிற சேட்டிலைட்டுக்கு ஏறி இறங்கி, பதிலும் அதே மாதிரி ஏறி இறங்கி வர்றதுக்குள்ள வெளிச்சத்துக்கே அரை செகண்டு கிட்ட ஆயிடும், நடைமுறைல 600, 700 மில்லிசெகண்டு. 4ல வச்சா மூணாவது சின்னுக்கு ஒரு செகண்டுதான் மிச்சம், மழை பெய்ற நாள்ல அது பத்தாது. 5ல வச்சா ரெண்டு செகண்டு மிச்சம். "கான்ஃபிக் ஃபைல திறந்து பாக்கிறவன் தன்னோட எண்ண தானே போட்டுக்குவான். டீஃபால்ட்ங்கிறது அத திறக்கவே போகாதவனுக்கு நாம எடுக்கிற முடிவு, அவன் எங்க உக்காந்திருக்கான்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது"ன்னாரு. ஒரு செகண்டுக்காக நான் சண்ட போடல. டீஃபால்ட் 5, ஸ்கேனர் ப்ரொஃபைல்ல மட்டும் 4.

லினக்ஸ் 6.5ல இருந்து இந்த ஆணி கொஞ்சம் நகந்திருக்குங்கிறதையும் சொல்லிடுறேன், முதல் நாலு மறுமுயற்சியும் செகண்டுக்கு ஒண்ணுன்னு சீரா போகும், அதுக்கப்புறம்தான் ரெட்டிப்பாகும். அங்க 5 செகண்டுக்குள்ள வாய்ப்பு கூடத்தான் கெடைக்குமே தவிர கொறையாது, அதனால எண்ண மாத்த வேண்டி வரல. பழைய விண்டோஸ்ல ஆரம்பமே 3 செகண்டு, மொத்தம் 21ல விட்டுடும், அங்க 5ன்னா ரெண்டு வாய்ப்புதான், ஆஃபீஸ் பிசிக்கு அது போதும்.

அடுத்து பெருக்கல். ஒரு அட்ரஸுக்கு 5 செகண்டு, லிஸ்ட்ல மூணு அட்ரஸ் இருந்து முதல் ரெண்டும் செத்திருந்தா 10 செகண்டு போனப்புறம்தான் மூணாவத தொடுவோம். பேர் ஒண்ணுக்கு ஐபிவி6, ஐபிவி4 ரெண்டு அட்ரஸ் வந்தா அது 20. ப்ரவுசர்ல இதுக்கு ஹேப்பி ஐபால்ஸ்னு ஒரு வழி இருக்கு, ஆர்எஃப்சி 8305, ஒண்ண தட்டி 250 மில்லிசெகண்டு பொறுத்துட்டு அது முடியுறதுக்குள்ளயே அடுத்தத தட்டுறது. ப்ரோக்கருக்கு அப்படி பண்ணலாமான்னு கொஞ்ச நாள் ஆச தான் இருந்துச்சு, ஆனா எங்க ரெண்டாவது சர்வர் சும்மா காத்துக்கிட்டு இருக்கிற டைப் இல்ல, அதுவும் கனெக்‌ஷன் வாங்கும், அப்ப சாதாரண நாள்லயே பாதிப் பேர் அந்தப் பக்கம் போயிடுவாங்க. விட்டுட்டோம். லிஸ்ட்ல ரெண்டு சர்வர் மட்டும், அதுவும் ஐபிவி4 மட்டும்.

டிஎன்எஸ், அதான் சர்வர் பேர ஐபி அட்ரஸா மாத்துற ஏற்பாடு, எங்கள ஒரு நாள் பூரா அலைய வச்சுது. டைம்அவுட் 5ன்னு போட்டு டெஸ்ட் பண்றேன், லாக்ல 10 செகண்டு காட்டுது. திரும்ப பண்றேன், 10. கனெக்ட் டைம்அவுட்டுங்கிறது ஐபி கைக்கு வந்தப்புறம்தான் எண்ண ஆரம்பிக்கும், ஜாவால பேர ஐபியா மாத்துறது அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். லினக்ஸ்ல ஒரு நேம்சர்வர் பதில் சொல்லலன்னா டீஃபால்ட்டா 5 செகண்டு பொறுத்துட்டு அடுத்த சர்வர கேக்கும். எங்க முதல் நேம்சர்வர் எங்க இருந்துச்சு? அதே ரேக்ல. ப்ரோக்கரோட சேந்து அதுவும் செத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப அந்த 5 செகண்ட 1 ஆக்கி, நேம்சர்வர் வரிசையயும் மாத்திட்டோம், போதாததுக்கு லைப்ரரி கடைசியா தெரிஞ்ச ஐபிய ஞாபகம் வச்சுக்குது.

கனெக்ட் ஆயிட்டா சர்வர் உயிரோட இருக்குன்னு நம்பிடக் கூடாது. இத ஒரு நிமிஷத்துல நீங்களே பண்ணிப் பாக்கலாம்: ப்ரோக்கர் ப்ராசஸுக்கு கில் கமாண்ட்ல ஸ்டாப் சிக்னல் குடுங்க, ப்ராசஸ் உறைஞ்சு போயிடும், சாகாது. இப்ப கனெக்ட் பண்ணிப் பாருங்க, சட்டுன்னு கனெக்ட் ஆகும், ஏன்னா கை குடுக்கிறது கெர்னல், அதுக்குப் பின்னாடி யாரும் பேச வரமாட்டாங்க. என் மேஜைல இத பண்ணப்ப கிளையன்ட் 40 நிமிஷம் "கனெக்டட்"னு காட்டிக்கிட்டு நின்னுச்சு, நான் தான் நிறுத்தினேன். அதுக்கு தனியா ஒரு ஹேண்ட்ஷேக் டைம்அவுட் வேணும், டிஎல்எஸ் (பேசுறத பூட்டி அனுப்புற ஏற்பாடு), லாகின், சேனல் திறக்கிறது எல்லாம் முடிய. ராபிட்எம்கியூ ஜாவா கிளையன்ட்ல அதுக்கு 10 செகண்டு வச்சிருக்காங்க, சேட்டிலைட்ல ஆறேழு தடவ போய்வந்தா 5 செகண்டு கிட்ட வருது, அதனால நாங்களும் 10ஐயே எடுத்துக்கிட்டோம்.

இவ்வளவும் புதுசா கனெக்ட் பண்றதப் பத்தி. 188ல முதல் 60 இன்னும் அப்படியேதான் இருக்கு. ஏற்கனவே திறந்திருக்கிற கனெக்‌ஷன் செத்தத எப்படி கண்டுபிடிக்கிறது? அந்தப் பக்கம் உயிரோட இருக்கான்னு கெர்னலே கேட்டுப் பாக்குற டிசிபி கீப்அலைவ் இருக்கேன்னு சொல்லுவாங்க, லினக்ஸ் டீஃபால்ட்ல அது 7200 செகண்டு சும்மா இருந்தப்புறம்தான் முதல் ப்ரோப் அனுப்பும், அப்புறம் 75 செகண்டுக்கு ஒண்ணா 9, மொத்தம் 2 மணி நேரம் 11 நிமிஷம் 15 செகண்டு. லாரி ஜொகூர் போயிட்டு திரும்பி வந்துடும். மெசேஜ் அனுப்பினா தெரிஞ்சுடாதான்னா, அதுவும் இல்ல, அனுப்பின உடனே கெர்னல் தன்னோட பஃபர்ல வாங்கி வச்சுக்கிட்டு "சரி"ன்னு சொல்லிடும், அந்தப் பக்கம் போய்ச் சேரலன்னா 15 தடவ முயற்சி பண்ணி கைவிடுறதுக்கு டீஃபால்ட்ல சுமார் 924 செகண்டு, அதாவது கால் மணி நேரம். டிசிபி யூசர் டைம்அவுட்னு ஒரு சாக்கெட் ஆப்ஷன் வச்சு இத கொறைக்கலாம், ஆனா ஜாவாவோட சாதாரண சாக்கெட்ல அத தொட முடியாது, நெட்டிங்கிற ஜாவா நெட்வொர்க் லைப்ரரியோட ஈபோல் வழியா போனாத்தான் உண்டு. நாங்க சர்வர் பக்க கிளையன்ட்டுக்கு மட்டும் அத 20 செகண்டுன்னு வச்சோம்.

மத்தபடி ஹார்ட்பீட்தான் நமக்கு கதி. ராபிட்எம்கியூல ஒரு காலத்துல இது 580 செகண்டு, 3.5.5 வெர்ஷன்ல 60 ஆக்கினாங்க, இப்ப அவங்க டாக்குமெண்டே 5ல இருந்து 20 வரைக்கும் பெரும்பாலான இடத்துக்கு நல்லது, 5க்கு கீழ போனா உயிரோட இருக்கிறவன செத்தவன்னு சொல்லிடும்னு எச்சரிக்குது. நாங்க 10 செகண்டுக்கு ஒரு துடிப்பு, 20 செகண்டு ஒண்ணும் வரலன்னா செத்ததுன்னு வச்சோம். 6ல வச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாத்ததுல ஃப்ரீசர் ரூமுக்குள்ள போற ரெண்டு ஸ்கேனர் மட்டும் தினமும் தேவையில்லாம மாறிக்கிட்டே இருந்துச்சு, அந்த இரும்புக் கதவு மூடியிருக்கிற நேரம் வைஃபை சிக்னல் போயிடுது. பத்துல அது நின்னுடுச்சு.

பேக்ஆஃப்க்கு ஜிட்டர், அதாவது எல்லாரும் ஒரே நேரத்துல வராம நேரத்த சிதற விடுறது, கட்டாயம். முதல் முயற்சிய 0ல இருந்து 1 செகண்டுக்குள்ள ஏதோ ஒரு நேரத்துல, அடுத்தது 0 முதல் 2, அப்படியே ரெட்டிப்பாகி உச்சம் 30. ஸ்கேனருக்கு உச்சம் 8, இல்லன்னா சர்வர் திரும்பி வந்தப்புறமும் ஒரு ஸ்கேனர் அரை நிமிஷம் தூங்கிக்கிட்டு இருக்கும்.

கடைசியா சென்ட் டைம்அவுட். ஆக்டிவ்எம்கியூ ஃபெயில்ஓவர்ல இது டீஃபால்ட்டா -1, அதாவது கனெக்‌ஷன் வர்ற வரைக்கும் அனுப்புற கால் அப்படியே நிக்கும். பேங்க் மாதிரி இடத்துல பின்னாடி ஓடுற வேலைக்கு அது சரியா இருக்கலாம், ஒருத்தர் கைல பிடிச்சு நிக்கிற கருவிக்கு ஆகாது. நாங்க 3 செகண்டுல விட்டுட்டு ஸ்கேன ஸ்கேனர்லயே ஒரு குட்டி டேட்டாபேஸ்ல எழுதிடுறோம், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனி ஐடி, சர்வர் பக்கம் அதே ஐடி ரெண்டாவது தடவ வந்தா எடுத்துக்காது. ஸ்கிரீன்ல சுத்துற வட்டத்துக்கு பதிலா மஞ்சள் டிக், சர்வருக்குப் போய்ச் சேந்ததும் பச்சை. நியாயமா பாத்தா எல்லா டைம்அவுட்டையும் விட அந்த அக்காவுக்கு உதவினது இந்த மஞ்சள் டிக்தான்.

நவம்பர்ல அதே ரேக்குல மறுபடியும் ஒரு சனிக்கிழமை வேலை வந்துச்சு. அண்ணனும் கூட வந்தாரு. 22:03:40க்கு கரண்ட் போச்சு. 22:03:58க்கு ஹார்ட்பீட் செத்ததுன்னு சொல்லிச்சு, 22:04:02க்கு முதல் அட்ரஸ விட்டுச்சு, அக்கா ஸ்கேனர் ரெண்டாவது சர்வர்ல உள்ள வந்தப்ப 22:04:03. 23 செகண்டு. 140ல கடைசி ஆள் 28ல வந்தாரு, ஜிட்டர் வேலை பண்ணினது லாக்ல அழகா சிதறித் தெரிஞ்சுது. இந்த 23 செகண்டுல அக்கா நாலு பேலட் அடிச்சிருந்தாங்க, நாலும் மஞ்சள். "தம்பி, இன்னைக்கு கரண்ட் வேலை இருக்குன்னீங்களே, எப்ப ஆரம்பிக்கும்?"னு கேட்டாங்க. முடிஞ்சுடுச்சுக்கான்னேன்.

பழைய சர்வர் திரும்பி வந்ததும் எல்லாரும் தானா அதுக்கே ஓடணுமாங்கிறதுல மட்டும் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகல. இப்போதைக்கு அத ஆஃப்லதான் வச்சிருக்கோம், திங்கக்கிழமை காலைல நாங்களே கையால பத்து பத்தா மாத்துறோம்.